செனனா, நியோனா?

கல்லடிப் பாலத்தில் காத்து வாங்க நின்றபோது உயர்தரம் படிக்கிற மருமகன் கேட்டான்: "மாமா, விண்கல்லுக்குள்ள அகப்பட்ட விழுமிய வாயுக்கள்ல எது கூடக் கதை சொல்லும்?"

மற்ற மூலகங்களோடு இலேசில் சேராத அந்த வாயுக்களில் என் வாக்கு செனனுக்குத்தான். 1960இல் ஜோன் ரெய்னோல்ட்ஸ் ரிச்சர்ட்டன் விண்கல்லைச் சூடாக்கி, வெளிவந்த வாயுவை, அணுக்களைத் திணிவுப்படி பிரித்து அளக்கும் திணிவு நிறமாலைமானியில் அளந்தார். ஒரே மூலகத்தில் திணிவு வேறுபட்ட அணு வகைகள் சமதானிகள்; பெயரோடு வரும் எண் அந்தத் திணிவு. அவற்றில் செனன்-129 அளவுக்கு மிஞ்சி நின்றது. அது அயடீன்-129 கதிரியக்கத்தால் தேய்ந்து வந்த மிச்சம். அந்த அயடீனின் அரைவாழ்வு, அதாவது பாதியாகத் தேயும் காலம், ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டுதான். சூரியக் குடும்பத்தின் வயதோ சுமார் 456 கோடி. தொடக்கத்தில் இருந்த அயடீன் எப்போதோ தீர்ந்திருக்கும். அதன் செனன் கல்லுக்குள் அகப்பட்டிருப்பதால், கல் இறுகும்போது அயடீன் இன்னும் தீர்ந்திருக்கவில்லை, கல் அவ்வளவு சீக்கிரம் இறுகியது. புளிப்பை நாக்கில் வைத்தே தயிருக்கு உறை ஊற்றிய நேரத்தைச் சொல்லும் என் அம்மா மாதிரி, செனன் ஒரு மணிக்கூடு.

நியோன் ஊர் விசாரிக்கிற ஆள். நியோன்-20க்கும் 22க்கும் உள்ள விகிதம் சூரியக் காற்றில் 13.8 அளவில், நம் வளியில் 9.8. வாயு எங்கிருந்து வந்ததென்று அதில் பிடிபடும். விண்வெளியில் பாயும் அண்டக் கதிர் பட்டால் நியோன்-21 கூடும். அதை வைத்து, கல் விண்வெளியில் அலைந்த காலமும் தெரியும்.

செனனுக்கு ஒன்பது சமதானிகள், கணக்குத் தலைசுற்றும். மருமகன் நியோனைப் பிடித்துக்கொண்டான். மூன்றேதானாம், பாடமாக்கச் சுகமாம்.