பின் சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றுவதா, இருக்கிற டிரம்மையே சரி செய்வதா?

பழைய ஸ்விஃப்ட், ஜென், எஸ்டீம் மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: பின்னால் இருக்கிற டிரம் பிரேக்கை (சக்கரத்தோடு சுற்றும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது) கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் (சுற்றும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது) போட்டால் வண்டி இன்னும் சீக்கிரம் நிற்குமா? நிற்காது என்பதுதான் என் பதில். பிரேக்கை மிதித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. நிறுத்துகிற வேலையில் சுமார் 70 சதவீதத்தை முன் சக்கரங்களே பார்க்கின்றன, பலமாக மிதித்தால் அது இன்னும் கூடும். லேசாகிப்போன பின் சக்கரத்தில் எவ்வளவு பெரிய பிரேக்கை மாட்டினாலும் டயருக்கு ரோட்டில் என்ன பிடி இருக்கிறதோ அவ்வளவுதான் பலன். அதைத் தாண்டினால் சக்கரம் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் நின்று சறுக்கும், அதுவும் முன் சக்கரத்துக்கு முந்திப் பின் சக்கரம் லாக் ஆனால் வண்டி அப்படியே சுற்றிக்கொள்ளப் பார்க்கும், மழை ரோட்டில் வளைவில் அது நடந்தால் ஸ்டியரிங்கை வைத்து மீட்பது நல்ல டிரைவருக்கே கஷ்டம்.

டிரம்மை மட்டமாகப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உள்ளே டிரம்மின் சுவரில் உரசிப் பிடிக்கும் இரண்டு ஷூவில் ஒன்று, டிரம் சுற்றுகிற திசையிலேயே இழுபட்டுத் தானாக இன்னும் இறுக்கமாகப் போய் ஒட்டும். அதனால் குறைந்த ஆயில் அழுத்தத்திலேயே நல்ல பிடி கிடைக்கிறது. டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது, முழுக்க அழுத்தத்தை வைத்துத்தான் வேலை. "பின் பிரேக் பிடிக்கவே இல்லை" என்று சொல்லப்படும் வண்டிகளில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்: ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ ஆயிலில் ஊறியிருக்கும், டிரம்மின் உட்புறம் கோடு விழுந்திருக்கும். வெளியே தெரியாததால் வருடக்கணக்கில் யாரும் திறப்பதில்லை, அதுதான் டிரம்மின் உண்மையான குறை. திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊத வேண்டாம், பழைய ஷூக்களின் உரசும் லைனிங்கில் மூச்சில் போனால் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து எடுப்பது நல்லது.

சரி, டிஸ்க்கின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. டிஸ்க்கைக் கவ்வும் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சக்கரத்தின் இடைவெளி வழியாகவே பார்க்கலாம், மாற்றுவது சுலபம். தண்ணீரில் இறங்கி ஏறினால் சீக்கிரம் காய்ந்துவிடும், டிரம்முக்குள் தண்ணீர் போனால் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்க வேண்டும். சூட்டிலும் டிஸ்க்தான் மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ நாலு பேரும் சாமான்களுமாக பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும். ஆனால் அந்த மாதிரி இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடிக்க விட்டு இறங்குவதுதான் முறை, அப்படி இறங்கினால் பின் டிரம் அந்தச் சூட்டுக்கே போகாது.

ஹேண்ட் பிரேக்கில் டிரம்தான் ஜெயிக்கிறது. சூடான டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவை இன்னும் இறுக்கும். டிஸ்க் ஆறும்போது மெலிந்து பேடின் பிடி தளரும், மலையேறி சூட்டோடு சரிவில் நிறுத்திய வண்டி அரை மணி கழித்து மெல்ல நகர்வது இதனால்தான். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்கிற வண்டியில், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில், பின் டிஸ்க்கில் துரு ஏறும், பேடை அழுத்தும் கேலிப்பர் நகர்கிற கம்பிகள் இறுகும். ஃபோக்ஸ்வாகன் தன் மின்சாரக் காரான ஐடி.3-க்கே பின்னால் டிரம்தான் வைத்தது, அதில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு, சும்மா இருந்தும் கெடாதது டிரம்.

இப்போது மாற்றுகிற வேலைக்கு வருவோம், சிக்கல் முழுக்க இங்கேதான். வீல் சிலிண்டரின் பிஸ்டன் பொதுவாக 17, 18 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், பின் கேலிப்பரின் பிஸ்டனோ 30-க்கு மேல். அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அந்த அளவு தராவிட்டால் பெடல் நீளமாகப் போகும். பின்பக்க அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் வால்வு டிரம்முக்காகக் கணக்கிடப்பட்டது, அதை அப்படியே விட்டால் பின்னால் பிடி போதாது, எடுத்துவிட்டால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் அதன் கணக்கும் சேர்ந்து கெடும்.

உதிரி பாகம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த தலைவலி. முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டுக்கு ஜப்பானிலிருந்து வரும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் பின் டிஸ்க் ஆசை காட்டும், ஆனால் நம்முடையது நாலு போல்ட், அவை அமைந்த வட்டம் 100 மில்லிமீட்டர், ஸ்போர்ட்டோ ஐந்து போல்ட், வட்டம் 114.3. அப்புறம் முன் ஹப் (ரிம்மை போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி), ரிம் எல்லாம் மாற்ற வேண்டியதுதான். லேத் பட்டறையில் பிராக்கெட் வெட்டி வெல்டிங் வைத்து ஏதோ ஒரு கேலிப்பரை மாட்டித் தருகிறேன் என்பவரிடம் தயவுசெய்து வண்டியை விடாதீர்கள். அந்த வெல்டிங் விட்டுப்போகிற நாளில் வண்டிக்குள் உங்கள் பிள்ளைகள் இருக்கலாம்.

இதற்கு ஆகிற பணத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து நல்ல டயர் நாலு, முன்னால் புது டிஸ்க்கும் தரமான பேடும், விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் புதியவை, பின்னால் புது ஷூ, வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் என்று போட்டால் வித்தியாசம் முதல் நாளே காலில் தெரியும். பிரேக் ஆயிலை மறக்கக் கூடாது. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்தபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அது 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள்.

பிரீமியர் பத்மினி மாதிரி நாலு சக்கரத்திலும் டிரம் உள்ள வண்டி என்றால் டிஸ்க்குக்கு என் ஓட்டு உண்டு, ஆனால் முன் சக்கரத்துக்கு மட்டும். அப்போதும் மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்காகக் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்து முன்பக்கத்துக்கு மட்டும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும்.

இத்தனைக்குப் பிறகும் பின் டிஸ்க்தான் வேண்டும் என்பவர்கள் கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், வால்வு, ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே செட்டாகக் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். அழுத்தத்தைத் திருகி மாற்றும் வால்வு போட்டால் பின்பக்கத்தைக் குறைவாக வைத்து ஆரம்பித்து, ஆளில்லாத மைதானத்தில் காய்ந்த தரையிலும் நனைந்த தரையிலும் மிதித்துப் பார்த்து, முன் சக்கரம் முதலில் லாக் ஆகும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.