கடவுளின் பெயரால் ஆணையா, உளமார உறுதியா?

2022 மார்ச் 2ஆம் தேதி காலை, எங்கள் பேரூராட்சிக் கூடத்தில் புதிதாக ஜெயித்து வந்த எங்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான் அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன், நாட்டின் இறையாண்மையைக் காப்பேன் என்று போய்க்கொண்டே இருக்கிற வாசகத்தின் கடைசியில் 'கடவுளின் பெயரால் ஆணையிட்டு / உளமாற உறுதி கூறுகிறேன்' என்று ஒரு சாய்கோடு. வேண்டாததை அடித்துவிட்டு மிச்சத்தை வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் போனவர் எதையும் அடிக்கவில்லை. 'கடவுளின் பெயரால் ஆணையிட்டு உளமார உறுதி கூறுகிறேன்' என்று இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, போய் உட்கார்ந்தார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கடவுள் பக்கத்தை அடித்தேன். நான் சிஎஸ்ஐ கிறிஸ்தவ சபைக்காரி, பாட்டனார் காலத்திலிருந்து தேவாலயத்தைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளை குடும்பம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் இருந்தால் வீடு தேடி வந்து விசாரிக்கிற ஊர். அப்படிப்பட்டவள் ஏன் அதை அடித்தாள் என்று அன்றைக்குக் கேட்டவர்களும் உண்டு, அடுத்த தேர்தலில் நிற்கிற யோசனையில் இப்போது கேட்கிறவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையில் அமைச்சர், எம்பி, எம்எல்ஏ, நீதிபதி எல்லோருக்கும் இந்த இரண்டு வழியும் இருக்கிறது, எதை எடுத்தாலும் பதவி ஒன்றுதான், பொறுப்பு ஒன்றுதான். 'இறையாண்மை, ஒருமைப்பாடு' என்கிற சொற்கள் 1963இல் 16ஆவது திருத்தத்தில் வந்தவை, அதற்குக் காரணமே நம் ஊர் திராவிட நாடு கோரிக்கைதான் என்பது தனிக்கதை.

புத்தகத்தின் மேல் கை வைப்பது என்று ஒன்றும் நம்மிடம் கிடையாது. சினிமாவில் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் செய்வதைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், என் அம்மாவும் என் பழைய பைபிளைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். நம் நீதிமன்றங்களில்கூட 1969ஆம் ஆண்டின் சட்டப்படி கடவுள் பெயரால் ஆணை அல்லது உறுதி, அவ்வளவுதான். பைபிள் அன்றைக்கு முழுக்க பையிலேயே இருந்தது.

ஆனால் புத்தகம் வைத்துக்கொள்கிற வழியையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சிறுபான்மை மதக்காரர் பதவியேற்பு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அதுதான். 2007 ஜனவரியில் கீத் எல்லிசன் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிமாகப் பதவியேற்றபோது குர்ஆன் மேல் கை வைக்கப் போகிறேன் என்றார், அதற்கு ஒரு பெரிய கூச்சல். வர்ஜீனியாவைச் சேர்ந்த வர்ஜில் கூட் என்கிற உறுப்பினர், இப்படியே விட்டால் இன்னும் நிறைய முஸ்லிம்கள் வந்து குர்ஆன் கேட்பார்கள் என்கிற தொனியில் வாக்காளர்களுக்குக் கடிதமே எழுதினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே உண்மையான பதவியேற்பு எல்லா உறுப்பினர்களும் சபையில் மொத்தமாக நின்று கையை உயர்த்திச் சொல்வது. அதில் எந்தப் புத்தகமும் கட்டாயமில்லை. புத்தகம் வருவது அதற்கப்புறம், சபாநாயகரோடு தனித்தனியாகப் போட்டோ எடுக்கிற இடத்தில். அவ்வளவு சண்டையும் ஒரு போட்டோவுக்கு.

எல்லிசன் கடைசியில் கொண்டு வந்த குர்ஆன் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனுடையது, 1765இல் அவர் வாங்கிய ஜார்ஜ் சேல் மொழிபெயர்ப்பு, காங்கிரஸ் நூலகத்திலிருந்து எடுத்து வரப்பட்டது. சாமர்த்தியமான பதில்தான், வாயடைத்துப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நெருடல். தன் வீட்டுக் குர்ஆன் போதவில்லை, நானும் இந்த நாட்டுக்காரன்தான் என்று காட்ட ஜெபர்சனின் ஜாமீன் வேண்டியிருந்தது. 2013இல் அதே சபைக்கு வந்த இந்து உறுப்பினர் துளசி கபார்ட் பகவத் கீதை வைத்துக்கொண்டபோது இத்தனை ரகளை இல்லை, 2019இல் முஸ்லிம் உறுப்பினர் இல்ஹான் ஓமர் தன் தாத்தாவின் குர்ஆனையே வைத்துக்கொண்டார். ஆக, முதலில் போனவர் வாங்கிய அடியில் பின்னால் வந்தவர்களுக்குப் பாதை கொஞ்சம் அகலமாகியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. டிவியில் அதைப் பார்த்த ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை.

சரி, நம் ஊர் சாய்கோட்டுக்கு வருகிறேன். கடவுள் பெயரால் ஆணையிடுவதில் இருக்கிற நல்லது சொல்லாமலே தெரியும். மனதுக்கு ஒரு பாரம், ஒரு பயம், ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு ஒரே விஷயம். கடவுள் என்கிற சொல் சட்டக் காகிதத்தில் ஏறிய உடனே, எது கடவுள், யார் கடவுள், நீ நிஜமாகவே நம்புகிறாயா என்று கேட்கிற அதிகாரம் இன்னொருத்தர் கைக்குப் போய்விடுகிறது.

பக்கத்துக் கேரளத்திலேயே நடந்தது. 2001இல் எம்எல்ஏ ஆன உமேஷ் சள்ளியில், ஸ்ரீநாராயண குருவின் பெயரால் பதவிப் பிரமாணம் எடுத்தார். அவருக்குக் குருதான் கடவுள். அது செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 2003இல் உயர் நீதிமன்றமும் செல்லாது என்றது, அவர் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. முறையாகப் பிரமாணம் எடுக்காமல் சட்டசபையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியலமைப்பின் 193ஆவது பிரிவு சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு மனுஷனின் கடவுள் கடவுள்தானா என்று நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய வேண்டி வந்ததே, அதுதான் எனக்கு உறைத்தது. அதே மனுஷன் 'உளமார' என்று சொல்லியிருந்தால் உள்ளத்துக்குள் யாரை வைத்துக்கொண்டு சொன்னார் என்று எந்தக் கோர்ட்டும் கேட்டிருக்க முடியாது.

இதில் எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் யோக்கியம் என்றும் சொல்ல முடியாது. லயனல் டி ரோத்ஸ்சைல்ட் என்கிற யூதர் 1847இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு லண்டன் நகரத் தொகுதியில் ஜெயித்தார். 'ஒரு கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின்படி' என்று பிரமாணத்தில் ஒரு வரி இருந்தது, அவர் எப்படிச் சொல்வார்? திரும்பத் திரும்ப ஜெயித்தும் 1858இல் சட்டத்தை மாற்றிய பிறகுதான் சபையில் உட்கார முடிந்தது. பதினொரு வருஷம். சார்லஸ் பிராட்லா கதை அதைவிட மோசம். 1880இல் நார்த்தாம்ப்டனில் ஜெயித்த நாத்திகர் அவர். உறுதி கூறுகிறேன் என்றார், உனக்கு அந்த உரிமை இல்லை என்றார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார், உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, நீ எப்படி ஆணையிடலாம் என்றார்கள். ஒரு ராத்திரி நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்திலேயே அடைத்தும் வைத்தார்கள். 1886இல்தான் உள்ளே விட்டார்கள், 1888இல் அவர் முயற்சியிலேயே யாரும் உறுதி கூறலாம் என்று சட்டம் வந்தது. (லண்டனில் மாணவனாக இருந்த காந்தி 1891இல் இவருடைய அடக்கத்துக்குப் போயிருந்தார்.)

இந்தக் கதையெல்லாம் கேட்டால் உறுதி கூறுவது நாத்திகர்களுக்காக வந்த வழி என்று தோன்றும். தமிழ்நாட்டில் இன்னும் அதிகமாகத் தோன்றும், 2021இல் ஸ்டாலின் 'உளமார' என்று சொன்னதை ஊரே கேட்டது, அந்தச் சொல்லுக்கே இங்கே கட்சி வாடை உண்டு. ஆனால் இந்த வழியை முதலில் கேட்டு வாங்கியவர்கள் நாத்திகர்கள் இல்லை, பழுத்த பக்தர்கள். குவேக்கர்கள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர். பிராட்லாவுக்கு ரொம்ப முன்னால், 1833இலேயே ஜோசப் பீஸ் என்கிற குவேக்கர் உறுதி மட்டும் கூறி நாடாளுமன்றத்துக்குள் போய்விட்டார். அமெரிக்க அரசியலமைப்பிலும் ஆரம்பத்திலிருந்தே 'ஆணை அல்லது உறுதி' என்று இருக்கிறது, 1853இல் பிராங்க்ளின் பியர்ஸ் என்கிற ஜனாதிபதி உறுதிதான் கூறினார். குவேக்கர்கள் ஆணையிட மாட்டோம் என்றதற்குக் காரணம் பைபிளில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்று இருக்கும், சண்டே ஸ்கூலில் அந்தப் பரிச்சேதம் என்கிற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலே ஒப்பித்தோம். அறவே கூடாது என்று அர்த்தம். அதற்கு அடுத்தாற்போல, 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்.'

ஆக எனக்கு அந்தச் சாய்கோட்டின் வலது பக்கம்தான் வேதத்துக்குப் பக்கம். இதை ஜெயித்த வாரம் எங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், கேட்டேன். சபை அப்படி ஒன்றும் தடை போடவில்லை, நீதிமன்றத்தில் நம் ஆட்கள் ஆணையிடத்தான் செய்கிறார்கள், உன் மனசாட்சிப்படி செய்யம்மா என்றார். நியாயமான பதில். அதனால் எல்லாக் கிறிஸ்தவரும் உறுதிதான் கூற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

எதிர்ப்பக்கம் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. என்னோடு ஜெயித்து வந்த முஸ்லிம் உறுப்பினர் ஒருவர், பாய் என்றுதான் கூப்பிடுவேன், கடவுள் பக்கத்தை வைத்துக்கொண்டார். அப்புறம் டீ குடிக்கும்போது இந்தக் கோர்ட்டுக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நீங்க சொல்றது சரிதான் அக்கா, ஆனா ஒரு அரசாங்க ஆபீஸுக்குள்ள நின்னு இறைவனை நெனச்சு சத்தமா ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வேற எங்க வாய்ப்பு கிடைக்கும்?' என்றார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊரில் பாதிக்குப் பாதி கிறிஸ்தவர்கள், நான் சிறுபான்மை என்பது எனக்குப் புள்ளிவிவரத்தில்தான் தெரியும். அவர் நிலைமை வேறு. அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால் எல்லிசன் ஏன் வெறும் கையோடு போகவில்லை என்பதும் வேறு மாதிரித் தெரியலாம்.

அப்புறம், சொந்தமாக எதையும் சேர்க்காதீர்கள். தாளில் இருப்பதை மட்டும் வாசியுங்கள். மக்களவையில் பிரமாணத்தோடு ஆளாளுக்குக் கோஷம் சேர்க்கப் போய், 2024இல் சபாநாயகர் முன்னும் பின்னும் ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது என்று விதியையே திருத்தினார்.

உறுதி கூறியதற்கு நான் கொடுத்த விலை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி மட்டும் ரொம்ப நாள், 'ஏட்டி, ஓட்டு வாங்குற வரைக்கும் ஜெபம், வாங்குனப்புறம் ஆண்டவரை அடிச்சுட்டியே' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தேயுவைக் காட்டினேன். கண்ணாடி எடுத்து வரச் சொல்லி, அந்த வசனத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, 'அப்ப தண்ணி எப்ப வரும்னு கேட்டா மட்டும் சத்தியமா நாளைக்கு வந்துரும்னு சொல்லுதியே' என்றாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தத் தாளில் 'உளமாற' என்று வல்லின றகரம் போட்டு அடித்திருந்தார்கள். அப்படிச் சொன்னால் மனம் மாறி உறுதி கூறுகிறேன் என்றல்லவா ஆகிவிடும்? வயிறார, வாயார மாதிரி உளமார, உள்ளம் நிறைய. டியூஷன் எடுத்த பழக்கம், கை சும்மா இருக்கவில்லை, றகரத்தை அடித்து மேலே ஒரு 'ர' எழுதினேன். செயல் அலுவலர் தாளை வாங்கிப் பார்த்தார். கடவுளை அடித்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. 'ர' எழுதிய இடத்தில் விரலை வைத்து, 'திருத்தத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன கையெழுத்து போட்டுருங்கம்மா' என்றார்.