ஏன்ஷியன்ட் சிட்டியா, ட்ரையல் சேம்பரா, மேன்ஷனா: மைன்கிராஃப்ட்ல எந்த ஸ்ட்ரக்சர் டிசைன் உண்மையிலேயே வேலை செய்யுது?

பிளாக் பிளாக்கா உடைச்சும் கட்டியும் விளையாடுற மைன்கிராஃப்ட் கேம்ல உலகம் உருவாகும்போதே தானா வந்து உக்காந்திருக்கிற கட்டடங்கள் இருக்கே, கிராமம், கோயில், மேன்ஷன், பாழடைஞ்ச நகரம்னு, இதுல எது நல்ல டிசைன்னு பேச ஆரம்பிச்சா அந்தப் பேச்சு முடியவே முடியாது. ஒரு பக்கம் "ஒரே பிளான்ல வர்றதெல்லாம் ஒரு தடவை பாத்தா போதும், அப்புறம் போர்"னு சொல்றவங்க, இன்னொரு பக்கம் "ரூமை மாத்தி மாத்தி அடுக்குனா கட்டடத்துல உயிரே இருக்காது, யோசிச்சு கையால கட்டுனதுதான் மனசுல நிக்கும்"னு சொல்றவங்க, நடுவுல லூட் (அங்க கிடைக்கிற பொருள்) நல்லா இருந்தா போதும்னு ஒரு கூட்டம். நான் பல வருஷமா விளையாடுறேன், இந்த மூணு பக்கமும் நின்னு பேசியிருக்கேன். இப்போ எனக்கு என்ன தோணுதுன்னா, பிளான் மாறுதா மாறலையாங்கிறது ரெண்டாவது கேள்விதான். வெளியில எப்படி விளையாடுறோமோ அதே மாதிரி உள்ள போயும் விளையாடிட்டு வந்துட முடியுதா, இல்ல அந்த இடம் நம்ம நடையையே மாத்துதா, இதை வெச்சுத்தான் நான் எல்லாத்தையும் பாக்குறேன்.

முதல்ல பழைய கோயில் ரெண்டையும் எடுத்துக்கலாம், பாலைவனக் கோயிலும் காட்டுக் கோயிலும் 2012ல 1.3 அப்டேட்ல ஒண்ணா வந்தது, ரெண்டுமே ஒவ்வொரு தடவையும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே பிளான்தான். ஆனா காட்டுக் கோயிலை இன்னிக்கு யாரும் மதிக்கிறதில்ல, பாலைவனக் கோயிலுக்கு இன்னும் மரியாதை இருக்கு, ஏன்? காட்டுக் கோயில்ல மூணு லீவர் வெச்ச ஒரு புதிர் இருக்கு, சரியா இழுத்தா ரகசிய ரூம் திறக்கும், அப்புறம் கயிறு ட்ரிப் ஆனா அம்பு விடுற டிஸ்பென்சர் ரெண்டு இருக்கு, யோசனை நல்ல யோசனைதான். ஆனா கையில கல் உடைக்கிற பிக்காக்ஸ் இருக்கிறவன் எதுக்கு லீவர் இழுக்கணும், பக்கத்துல ரெண்டு கல்லை உடைச்சா பெட்டி கைக்கு வந்துடுது. பாலைவனக் கோயில்ல நடுவுல இருக்கிற நீல டெரகோட்டாவை உடைச்சு எட்டிப் பாத்தா ஆழமா ஒரு குழி, கீழ நாலு பெட்டி, சரியா நடுவுல ஒரே ஒரு கல் பிரஷர் பிளேட், மிதிச்சா வெடிக்கிற மாதிரி அதுக்கு அடியில 9 டிஎன்டி. பொறி எங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடமா தெரியும், இருந்தாலும் ஓரத்துல படி வெட்டிக்கிட்டே இறங்குறப்போ கடைசி ரெண்டு பிளாக்ல கை தானா ஸ்லோ ஆகும், ஒரு தப்பு ஸ்டெப் வெச்சா நாலு பெட்டியும் நானும் போய்டுவோம்ல. ரெண்டும் ஒரே வயசு, ரெண்டும் மாறாத பிளான், ஆனா ஒண்ணு உடைக்கிற ஆளை எதிர்பாத்து கட்டியிருக்கு, இன்னொண்ணு உடைக்கவே மாட்டான்னு நம்பி கட்டியிருக்கு.

இந்த விளையாட்டுல எந்த சுவரையும் உடைக்கலாம், இதுதான் மைன்கிராஃப்டோட உயிர், அதனால ஸ்ட்ரக்சர் டிசைன் பண்றவங்க எல்லாருமே இந்த பிக்காக்ஸுக்கு ஒரு பதில் சொல்லியாகணும். கடல் மானுமென்ட் சொன்ன பதில் ரொம்ப நேரடியானது, உள்ள காவல் இருக்கிற மூணு எல்டர் கார்டியனும் மைனிங் ஃபடீக், அதாவது உடைக்கிற வேகத்தைக் குறைக்கிற சாபம், போட்டுவிடும், பால் குடிச்சு சரி பண்ணாலும் திரும்ப வந்துடும், அவங்களைக் கொல்ற வரைக்கும் ஒரு கல்லை உடைக்கிறதுக்குள்ள பொறுமை போய்டும். வாசல் தேடி, வழி தேடி, மூச்சு எவ்வளவு இருக்குன்னு பாத்துக்கிட்டேதான் போகணும். நியாயமான டிசைன்தான், ஆனா இது தடை போட்டு ஜெயிக்கிற டிசைன், மூணையும் கொன்னுட்டா கட்டடத்துக்கு உள்ள 8 தங்க பிளாக்கும் ஸ்பான்ஜும் தவிர சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல.

வுட்லேண்ட் மேன்ஷன் கிட்ட பதிலே இல்ல, என்னோட வருத்தம் அதுதான். 2016ல 1.11ல வந்தப்போ கேம்லயே இதுதான் பிரம்மாண்டம், ரூம்களைக் கலைச்சு அடுக்குறதால எந்த ரெண்டு மேன்ஷனும் ஒரே மாதிரி இருக்காது, கிராமத்துல இருக்கிற கார்ட்டோகிராஃபர் கிட்ட மேப் வாங்கி ஆயிரக்கணக்கான பிளாக் நடந்து அந்த டார்க் ஓக் காட்டுக்குள்ள அதோட கூரை தெரியுறப்போ வர்ற சந்தோஷம் உண்மையான சந்தோஷம். உள்ள போனா? ஒரு காரிடார், ஒரு கதவு, படுக்கை ரூம், இன்னொரு கதவு, காளான் வளக்குற ரூம், இன்னொரு கதவு, கம்பளியில செஞ்ச பூனை சிலை. ரூம் எல்லாம் வேற வேற, ஆனா எந்த ரூமும் அடுத்த ரூமைப் பத்தி எதுவும் சொல்லாது, இங்க யார் வாழ்ந்தாங்க, ஏன் பூனைக்கு சிலை வெச்சாங்கன்னு கேக்கத் தோணும், பதில் சொல்ல ஒரு பொருளும் இருக்காது. கதவில்லாத ரகசிய ரூம்கள் இருக்குங்கிறது நல்ல ஐடியா, ஆனா அது இருக்குன்னு காட்டிக்குடுக்க உள்ள ஒரு துப்பு கிடையாது, வெளியில தெரிஞ்சுக்கிட்டு வந்தவன்தான் சுவரை உடைப்பான். எவோக்கர்ங்கிற மந்திரவாதி வரவழைக்கிற வெக்ஸ்ங்கிற குட்டிப் பேய் சுவருக்குள்ள புகுந்து வரும், அந்த ஒரு நிமிஷம் மட்டும் மேன்ஷன் நம்மள உண்மையிலேயே கவனிக்குது. மத்தபடி ஷீல்டு, கோடரி, அவ்ளோதான், வெளியில ராத்திரி எப்படி சண்டை போடுவோமோ அதேதான். எவோக்கரைக் கொன்னா வர்ற, ஒரு தடவை சாவுல இருந்து காப்பாத்துற டோட்டம் ஆஃப் அன்டையிங் இங்க மட்டும்தான் கிடைக்கும்னு இருந்தப்போ போறதுக்கு ஒரு காரணம் இருந்தது, 2019ல 1.14ல கிராமத்தைத் தாக்குற ரெய்டு வந்ததும் அதுலயே எவோக்கர் வர ஆரம்பிச்சாச்சு, அந்தக் காரணமும் போச்சு.

ரேண்டமா அடுக்கணும்னு சொல்றவங்க மேன்ஷனை நினைச்சு ஒரு நிமிஷம் யோசிக்கணும், எண்ணிக்கையில வெரைட்டி இருக்கு, அனுபவத்துல இல்ல.

இப்போ ஏன்ஷியன்ட் சிட்டி. 2022 ஜூன்ல 1.19ல வந்தது, டீப் டார்க்குல, உலகத்தோட அடி ஆழத்துல. இதைப் பத்தி எனக்கு எவ்வளவு சொன்னாலும் பத்தாது. பிக்காக்ஸுக்கு இது சொன்ன பதில் என்னன்னா, உடைச்சுக்கோ, ஆனா சத்தம் கேக்கும். அவ்ளோதான். எந்தத் தடையும் இல்ல, எந்த மேஜிக்கும் இல்ல, ஆனா கேம்ல அதுவரைக்கும் யோசிக்காம பண்ண எல்லாமே, நடக்கிறது, பெட்டி திறக்கிறது, கல் உடைக்கிறது, கீழ குதிக்கிறது, எல்லாமே இங்க ஒரு முடிவா மாறிடுது. சுத்தி எட்டு பிளாக்குக்குள்ள சத்தம் வந்தா ஸ்கல்க் சென்சார் பிடிச்சுக்கும், அது ஷ்ரீக்கருக்கு சொல்லும், ஷ்ரீக்கர் கத்தும், நாலாவது கத்தல்ல வார்டன்ங்கிற ராட்சசன் மண்ணைப் பிளந்துக்கிட்டு மேல வரும், 500 ஹெல்த்.

நான் முதல் தடவை போனப்போ ஒரு பெட்டிக்கும் எனக்கும் நடுவுல பன்னெண்டு பிளாக்தான் தூரம், ஷிஃப்டை அழுத்திக்கிட்டு சத்தமில்லாம ஊர்ந்து போய் பாதி வழியில ஒரு சென்சார் பாத்தேன், பெட்டி திறந்தா அந்த சத்தத்தையே அது பிடிக்கும்னு அப்போதான் உறைச்சது, திரும்ப ஊர்ந்து வந்து சத்தத்தை அடக்குற கம்பளி எடுத்துட்டுப் போய் சென்சாரைச் சுத்தி ஒவ்வொண்ணா வெச்சு மூடிட்டு அப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன். பன்னெண்டு பிளாக் தூரத்துக்கு பத்து நிமிஷம் ஆச்சு, அந்தப் பத்து நிமிஷமும் சுத்தி ஒரு எதிரி கூட இல்ல, ஏன்னா டீப் டார்க்ல சாதாரண மாப் (எதிரி ஜீவன்) எதுவும் தானா உருவாகாது. காலி இடத்தை வெச்சே இவ்வளவு பயம் காட்டுனது எனக்குத் தெரிஞ்சு இந்த கேம்ல வேற எதுவும் இல்ல.

இன்னொரு விஷயம் அப்புறம்தான் கவனிச்சேன், நான் கம்பளி எடுத்துட்டுப் போனேனே, அந்த சிட்டிக்குள்ள ஏற்கனவே கம்பளியும் கார்பெட்டும் போட்டிருக்கு. அங்க வாழ்ந்தவங்களுக்கும் இந்த சத்தப் பிரச்சனை தெரிஞ்சிருக்கு, அவங்களும் மெதுவாத்தான் நடந்திருக்காங்க! ஒரு வரி எழுத்து இல்லாம, ஒரு டயலாக் இல்லாம, தரையில போட்ட பிளாக்கை வெச்சே ஒரு கதை. நடுவுல நிக்குற அந்தப் பெரிய ரீஇன்ஃபோர்ஸ்டு டீப்ஸ்லேட் ஃபிரேமுக்கு கீழ ஒளிஞ்சிருக்கிற ரெட்ஸ்டோன் (இந்த கேமோட மின்சாரம் மாதிரி) ரூமும் அதே மாதிரிதான், யாரோ உக்காந்து இதையெல்லாம் சோதிச்சுப் பாத்த இடம்னு பாத்தவுடனே புரியும்.

ட்ரையல் சேம்பர் இதுக்கு நேர் எதிர். 2024 ஜூன்ல 1.21ல வந்தது, டஃப் கல்லும் செம்புமா பளபளன்னு இருக்கும், மர்மம்னு பெருசா எதுவும் இல்ல, வா, சண்டை போடு, சாவி வாங்கு, வால்ட்ங்கிற பூட்டுப் பெட்டியைத் திற. முதல் தடவை பாத்தப்போ இது என்ன ஆர்கேட் ரூம் மாதிரி இருக்குன்னு எனக்குப் பிடிக்கல, பல பேர் இன்னிக்கும் அதையே சொல்றாங்க, மைன்கிராஃப்ட் உலகத்தோட ஒட்டலைனு. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா பிக்காக்ஸ் கேள்வியை வெச்சுப் பாத்தா இது சொன்ன பதில் ரொம்ப புத்திசாலித்தனமானது, சுவரை எவ்வளவு வேணா உடைச்சுக்கோ, நல்ல லூட் வால்ட்டுக்குள்ள இருக்கு, அதுக்கு சாவி வேணும், சாவி எதிரிகளை வரவழைக்கிற ட்ரையல் ஸ்பானரை ஜெயிச்சாத்தான். பழைய டன்ஜியன்ல ஸ்பானரைச் சுத்தி டார்ச் நட்டா கதை முடிஞ்சது, இங்க வெளிச்சமெல்லாம் வேலைக்கு ஆகாது. அதுவும் பிரீஸ்ங்கிற காத்து எதிரி இருக்கிற ரூம்ல வில்லை எடுத்தா அம்பு எல்லாம் திரும்பிப் போகுது, பக்கத்துல போய்தான் ஆகணும், அது துள்ளித் துள்ளி நம்மள காத்துல தள்ளிவிடுது, எப்பவும் தூரத்துல நின்னு அடிக்கிற என் பழக்கமே அங்க உடைஞ்சுது.

சரி, ரெண்டுல எது மேலன்னு கேட்டா தனியா விளையாடுறவங்களுக்கு சிட்டிதான், யோசிக்கவே வேணாம். ஆனா சர்வர்ல நாலு பேர் சேர்ந்து விளையாடுறப்போ நிலைமை தலைகீழா மாறிடுது. சிட்டிக்கு முதல்ல போனவன் பெட்டியெல்லாம் காலி பண்ணிட்டா அப்புறம் வர்றவனுக்கு வெறும் பயம் மட்டும்தான் மிச்சம், வேகமா ஊர வைக்கிற ஸ்விஃப்ட் ஸ்னீக் புத்தகமும் எக்கோ ஷார்டும் வேற எங்கயும் கிடைக்காது, அதனால ஒவ்வொருத்தரும் புது சிட்டி தேடி அலையணும். சேம்பர்ல ஒவ்வொரு வால்ட்டும் ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு தடவை தனித்தனியா திறக்கும், ஸ்பானர் ஆள் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி மாப்பைக் கூட்டும், அரை மணி நேரத்துல திரும்ப ரெடி ஆகிடும், ஓமினஸ் பாட்டில் குடிச்சுட்டுப் போனா அதே ரூம் இன்னும் கஷ்டமா மாறும், மேஸ்ங்கிற கதாயுதம் செய்யத் தேவையான ஹெவி கோர் அந்த வழியிலதான் வரும். லேட்டா சேந்தவனுக்கும் அவன் பங்கு காத்துக்கிட்டு இருக்குங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு சர்வர்ல லூட் சண்டையில நண்பர்களை இழந்தவங்களுக்குத் தெரியும்.

ஃபிக்ஸ்டு பிளானா ரேண்டமாங்கிற அந்தப் பழைய சண்டைக்கு நல்ல நடுவழி ஒண்ணு ஏற்கனவே கேம்லயே இருக்கு, நெதர்ங்கிற நெருப்பு உலகத்துல நிக்குற பேஸ்டியன் கோட்டை. மொத்தம் நாலே வகைதான், பாலம், ஹாக்லின் தொழுவம், வீடுகள், ட்ரெஷர் ரூம், தூரத்துல இருந்து பாக்குறப்போவே எந்த வகைன்னு கண்டுபிடிச்சு எந்த வழியில போகலாம்னு பிளான் போடலாம், ஆனா உள்ள இருக்கிற துண்டுகள் மாறுறதால முழுசா மனப்பாடமும் பண்ண முடியாது. தங்கத்தை உடைச்சாலோ பெட்டியைத் திறந்தாலோ பாத்துக்கிட்டு இருக்கிற பிக்லின் (பன்றி மனுஷங்க) எல்லாம் பாய்ஞ்சு வரும், ஆக இங்கயும் பிக்காக்ஸுக்கு ஒரு விலை இருக்கு. அனுபவம் இருக்கிறவனுக்கு மரியாதை குடுக்கிற டிசைன் இது.

சின்னதையும் விட்டுடக் கூடாது, ஏன்னா பெருசா கட்டுனாத்தான் நல்ல ஸ்ட்ரக்சர்னு ஒரு எண்ணம் பரவலா இருக்கு. பனி வீடான இக்லூவைப் பாருங்க, ஒரு ரூம்தான், ஆனா பாதி இக்லூல கார்பெட்டை எடுத்தா ட்ராப்டோர், ஏணியில இறங்குனா கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வில்லேஜரும் ஒரு ஜாம்பி வில்லேஜரும், பெட்டியில தங்க ஆப்பிள், பக்கத்துல வீக்னஸ் போஷன். ரெண்டையும் சேத்துப் பாத்தா ஜாம்பியை எப்படி குணப்படுத்துறதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. உடைஞ்ச நெதர் போர்ட்டலும் (நெதருக்குப் போற வாசல்) இதே ரகம், பாதி ஃபிரேம் நிக்குது, மீதியை நீங்களே முடிச்சுக்கோங்கன்னு, இதைப் பாத்தே போர்ட்டல் கட்டக் கத்துக்கலாம்.

மேன்ஷனை மொத்தமா இடிச்சுட்டு புதுசா கட்டச் சொல்லி நான் கேக்கல. அந்த ரகசிய ரூம் ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு ரூம்ல ஒரு துப்பு வைங்க, ஒரு பெயின்டிங் கோணலாவோ ஒரு காரிடார் எதிர்பாத்ததை விட குட்டையாவோ இருந்தாலே போதும், எவோக்கர் உயிரோட இருக்கிற வரைக்கும் சில கதவு திறக்காதுன்னு வைங்க, அந்தப் பூனை சிலைக்கு முன்னாடி ஒரு காலி கிண்ணமாவது வைங்க. நான் அடுத்த நாளே மேப் வாங்கிட்டு கிளம்பிடுவேன்.