விநோகிராட்ஸ்கி கிட்: குழாய் சரி, விளக்குதான் தப்பு

விநோகிராட்ஸ்கி குழாய் என்பது சேற்றை நிரப்பி வெளிச்சத்தில் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிரிகள் வண்ண அடுக்குகளாக வளர்வதைப் பார்க்கும் சோதனை. அதற்காகப் பள்ளி ஆய்வகங்களுக்கென்று விற்கிற இந்த கிட்டில் 30 செ.மீ. உயரம், 5 செ.மீ. விட்டத்தில் ஓர் அக்ரிலிக் குழாய், மேலும் கீழும் மூடி, ஜிப்சம், சாக் பவுடர், ஒரு குட்டி வெள்ளை எல்இடி விளக்கு. சேறு நாம்தான் எடுத்துவர வேண்டும். குளத்து ஓரத்தில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அழுகிய முட்டை நாற்றம் வீசும் கறுப்புச் சேற்றை அள்ளுங்கள். கழிமுகச் சேறென்றால் ஜிப்சமே வேண்டாம். ஜிப்சம் தரும் சல்பேட் கடல்நீரிலேயே தேவையான அளவு இருக்கிறது.

குழாய் நல்ல தெளிவு. அடிமூடிதான் பலவீனம்: ரப்பர் வளையத்தில் ஒரு மணல் சிக்கினாலும் கசியும். வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுச் சேற்றைப் போடுங்கள்.

கூட வரும் தாளில் 'கைநிறைய செய்தித்தாள்' என்று இருக்கிறது. சுமார் 600 மி.லி. குழாய்க்கு அது ரொம்ப அதிகம். காகிதம் நொதித்து வாயு கிளம்பி, சேற்றை நடுவில் பிளந்து மேலே தூக்கிவிடும். அரைப் பக்கத்தைப் பொடியாகக் கிழித்து ஊறவைத்தால் போதும். அதோடு ஜிப்சம், சாக் தலா ஒரு டீஸ்பூன் கலந்து, அடியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மட்டும் நிரப்புங்கள். மேலே வெறும் சேறு, குச்சியால் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றிவிட்டு 3 செ.மீ. குளத்துத் தண்ணீர், பிறகு கொஞ்சம் வெற்றிடம். பொட்டலம் தீர்ந்தால் கரும்பலகை சாக்பீஸைப் பொடிக்க வேண்டாம். அதில் பெரும்பாலானவை ஜிப்சம்தான். சாக் பவுடர் தரும் கார்பனேட்டுக்கு முட்டை ஓடு நல்லது.

இனி விளக்கு. இந்தக் குழாயில் நாம் பார்க்க விரும்பும் ஊதா கந்தக பாக்டீரியா, அழுகிய முட்டை நாற்றம் தரும் சல்பைடையும் ஒளியையும் கொண்டு வாழ்வது. அதற்குப் பிடித்த ஒளி 800 முதல் 900 நானோமீட்டர் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெள்ளை எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. மேலே பாசியும், பாசி போலவே ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவும் செழிக்கும். கீழே வண்ணம் பிடிக்க மாதக்கணக்கில் இழுக்கும். பழைய 40 வாட் குண்டு பல்பை அரை மீட்டர் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் வெயில் நேராக விழாத ஜன்னல். குழாயைத் தொட்டால் சுடக் கூடாது.

முதல் இரண்டு வாரம் அடிப்பகுதி கறுக்கும், அது இரும்பு சல்பைடு. அதன்பின் வெளிச்சம் படும் பக்கத்துச் சுவரில் சில்லறைக் காசு அளவுக்கு ஒயின் நிறக் கறை தோன்றிப் பரவும், அதுதான் ஊதா கந்தக பாக்டீரியா. பச்சை கந்தக பாக்டீரியா அதற்குக் கீழே: சல்பைடை அது கூடுதலாகத் தாங்கும். மொத்தக் குழாயும் கறுத்துப்போனால் காகிதமோ ஜிப்சமோ கூடிவிட்டது என்று அர்த்தம்.

மேல்மூடியை இறுக்காதீர்கள், வாயு தள்ளும். பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி ஊசியால் நாலு துளை போட்டால் போதும்.

பெரிய குறை வேறொன்று. இருப்பது ஒரே குழாய். வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றிய ஜோடி பக்கத்தில் இல்லாவிட்டால், அந்த ஊதாவுக்குக் காரணம் ஒளிதான் என்று மாணவரிடம் எப்படிக் காட்டுவது? கழுத்தை வெட்டிய இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இந்த வேலையைச் செலவே இல்லாமல் செய்யும். குழாயைத் தனியாக விற்றால் இரண்டு வாங்கலாம், கிட்டாக வேண்டாம்.