வரிக்கு வரி தமிழா, மொழிக்கு ஒரு நேரமா?

தமிழ்நாட்டு ஆங்கிலவழி அறிவியல் வகுப்புகளில் பரவலாகக் காணும் முறை: ஆங்கிலத்தில் ஒரு வரி, உடனே தமிழில் அர்த்தம். முன்தயாரிப்பு வேண்டாம், யாரும் அடியோடு விடுபடுவதுமில்லை. ஆனால் தமிழ் வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளை ஆங்கில வரிக்குக் காதே கொடுப்பதில்லை. நேரமும் இரட்டிப்பு. தேர்வில் மனப்பாடம்தான் கைகொடுக்கும்.

மாற்று, 40 நிமிடப் பாடவேளையைப் பிரிப்பது. ஒளிச்சேர்க்கை என்றால் முதல் 8 நிமிடம் தமிழ்: இலை எதை எடுக்கிறது, எதை வெளிவிடுகிறது என்று கேட்டுக் கரும்பலகையில் படம். அடுத்த 22 நிமிடம் ஆங்கிலம் மட்டும். அதே படத்தில் குளோரோபில் (பச்சையம்), ஸ்டொமேட்டா (இலைத்துளை), குளுக்கோஸ் என ஐந்தாறு சொற்கள், நிரப்பிப் பேச ஒரு பாதி வாக்கியம். கடைசி 10 நிமிடம் இருவர் இருவராகத் தமிழில் விளக்கிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுவது.

சறுக்கும் இடம் நடுப்பகுதி. பிள்ளைகள் திருதிருவென விழித்ததும் ஆசிரியர் தமிழுக்குத் தாவினால் பழைய கதைதான். படத்தைத் தொட்டு, செய்து காட்டிச் சமாளிக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு இந்தத் தமிழும் இன்னொரு மொழி என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். இருவர் இருவராகப் பேசும்போது அதே மொழி பேசும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது.

தேர்வுக்கு முந்தைய வாரத் திருப்புதலுக்கு மட்டும் வரிக்கு வரி முறை போதும்.