டிரம்பெட்டா, கார்னெட்டா?

இரண்டும் பித்தளை ஊதுகருவிகள். இரண்டிலும் விரலால் அழுத்தும் மூன்று வால்வுகள், பி பிளாட் சுருதி. சுருளை நீட்டி அளந்தால் குழாய் ஏறத்தாழ 1.4 மீட்டர். முக்கிய வேறுபாடு குழாயின் உட்புறத்தில்தான். டிரம்பெட்டில் அது பெரும்பகுதி ஒரே விட்டத்தில் ஓடிக் கடைசியில் விரிகிறது. ஓசை கூர்மையாகப் பாய்கிறது. கார்னெட்டில் படிப்படியாக விரிகிறது, உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸின் கிண்ணமும் ஆழமானது. ஓசை உருண்டு இதமாக வருகிறது. பிரிட்டனின் பிராஸ் பேண்டுகளில் மெட்டைச் சுமப்பது கார்னெட்டுதான், டிரம்பெட்டுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டில் தொடங்கி, 1920களில் டிரம்பெட்டுக்கு மாறினார். ஜாஸும் அவர் பின்னால் போனது.

சிறு பிள்ளைகளுக்கு நான் கார்னெட்டையே சொல்வேன். சுருள் கச்சிதமானது, எடை உடலை ஒட்டியே நிற்கும், கை சீக்கிரம் ஓயாது. மவுத்பீஸைத் தனியாக வாங்கும்போது மட்டும் கவனம் தேவை: கார்னெட் மவுத்பீஸின் தண்டு மெலிது, டிரம்பெட்டின் மவுத்பீஸ் கார்னெட்டில் பொருந்தாது.