14-ஆம் எண் இடம் காலியாகவே இல்லை: ஷெனன்டோவா கரையில் டென்ட் போடப் போகிறவர்களுக்கு

இந்த அக்டோபரில் ஷெனன்டோவா ஆற்றங்கரையில் டென்ட் போட்டு, நிறம் மாறும் இலைகளைப் பார்க்கலாம் என்று யாராவது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், கார்டு நம்பரைத் தட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருடம் நாங்கள் இரண்டு குடும்பம் போய் ஏமாந்து வந்தோம். இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு அடுத்த பெயரில் போய் விழுவதைவிட, வித்தை என்னவென்று தெரிந்துகொள்வது மேல்.

வட வர்ஜீனியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெனன்டோவா தேசியப் பூங்கா மலை முகட்டில் இருக்கிறது. பூங்காவின் சாலையான ஸ்கைலைன் டிரைவ் 105 மைலும் முகட்டின் மேலேயேதான் ஓடுகிறது. பிக் மெடோஸ், லாஃப்ட் மவுண்டன் என்று பூங்காவுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகள் எல்லாமே மேலே. ஆறு கீழே பள்ளத்தாக்கில், புளூ ரிட்ஜுக்கும் மசனட்டன் மலைக்கும் நடுவில், வடக்கு நோக்கி வளைந்து வளைந்து போகிறது. ஆற்றை ஒட்டிப் படுக்க ஆசை என்றால் பென்ட்டன்வில் பக்கத்து மாநிலப் பூங்கா, இல்லாவிட்டால் தனியார் இடங்கள். மாநிலப் பூங்காவில் அக்டோபர் வார இறுதிகள் பல மாதம் முன்பே போய்விடும். நாங்கள் முழித்துக்கொண்டது ஆகஸ்ட் கடைசியில். அதனால் தனியார்.

வலைத்தளத்தில் ஒரு படம் இருந்தது. வெள்ளைப் பட்டை உரிந்த பெரிய சைக்கமோர் மரம் தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கிறது. அதன் நிழலில் ஒரு மர மேசை. மேசைக்கும் ஆற்றுக்கும் நடுவில் பத்தடி புல். கீழே வரைபடத்தில் ஆற்றோரமாக வரிசையாக எண்கள். 14-ம் 15-ம் பச்சையில் 'காலி' என்று காட்டின. ஓர் இடத்துக்கு ஓர் இரவு 78 டாலர், இரண்டு இரவுக்கு 156, பதிவுக் கட்டணம் 9. எங்களுக்கு ஒன்று, தோழி குடும்பத்துக்கு ஒன்று. பணம் கட்டும் பக்கத்தில் 'சைட் லாக்' என்று 30 டாலருக்கு ஒரு கட்டம் இருந்தது. வரைபடத்தில் இடத்தை விரலால் தொட்டுத் தேர்ந்தெடுத்த பிறகு அதையே பூட்டி வைக்க எதற்கு இன்னொரு 30 டாலர் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபிரண்ட் ராயல் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவும் எங்களோடு. வழியெல்லாம் ஓக், ஹிக்கரி, மேப்பிள், டூலிப் பாப்லர் என்று மலை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி நிறம். இந்தக் காட்டை ஹார்ட்வுட் காடு என்கிறார்கள். பெயரைப் பார்த்து எல்லாம் தேக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஊசியிலை இல்லாமல் அகன்ற இலை இருந்தால் போதும், அது ஹார்ட்வுட். டூலிப் பாப்லர் கட்டையில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும்.

அலுவலகத்தில் இருந்த மேலாளர் சிரித்த முகமாகவே கையில் கொடுத்தது 41, 42 எண்கள். "நீங்கள் லாக் கட்டணம் கட்டவில்லையே. அது இல்லாமல் இட எண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்று விதிமுறையில் போட்டிருக்கிறோம்" என்றார். போட்டிருக்கிறார்கள்தான், போய்ப் பார்த்தேன். அப்புறம், ஓர் இடத்துக்கு நான்கு பேர்தான் கணக்காம். அம்மா ஐந்தாவது ஆள், இரவுக்கு 10 டாலர். சரி என்று கட்டினேன்.

41-இல் டென்ட் மூட்டையை இறக்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "என்னடி, ஆறு எங்க?"

ஆறு இருந்தது. ஒரு ஜல்லி ரோட்டைத் தாண்டி, வீடு மாதிரி நிற்கும் டிரெய்லர் வரிசையைத் தாண்டி, எட்டிப் பார்த்தால் இரண்டு டிரெய்லர்களுக்கு இடையில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் மின்னியது. நடந்து எண்ணினேன், 160 அடி வைக்க வேண்டியிருந்தது. காவிரிக்கரையில் வளர்ந்தவளை 78 டாலர் கொடுத்து இப்படி ஓர் ஆற்றுக்குக் கூட்டி வந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மாவின் இரண்டாவது கேள்விதான் முக்கியம். மேசைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். சுற்றிலும் எல்லா மரத்திலும் மஞ்சளும் சிவப்புமாக இலை. எங்கள் தலைக்கு மேல் இருந்த மரத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. "இது பட்ட மரம்டி. இதுக்குக் கீழயா புள்ளைகளப் படுக்க வைக்கப் போற?"

திரும்பிப் போய்க் கேட்டேன். "அது ஆஷ் மரம், மற்ற மரங்களுக்கு முன்னாலேயே இலை உதிர்த்துவிடும்" என்றார் மேலாளர். அதுவும் உண்மைதான். ஆஷ் சீக்கிரம் இலை உதிர்க்கும். இந்த மனிதர் சுத்தப் பொய் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதை இப்போது யோசித்தால்தான் புரிகிறது. எல்லாவற்றிலும் பாதி நிஜம் இருந்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அம்மா விடவில்லை. அவள் தொல்லைக்காகவே டென்ட்டை இடத்தின் மறு மூலையில், பெரிய கல்லை ஒட்டிப் போட்டோம். மேசையை நகர்த்த முடியவில்லை, சங்கிலியால் கட்டியிருந்தார்கள்.

விறகுக் கதையும் இதே ரகம். வெளியிலிருந்து விறகு கொண்டு வரக்கூடாது என்பது பல காடுகளில் இருக்கும் நியாயமான விதி. விறகுக்குள் ஒளிந்துகொண்டு பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போகின்றன. ஆனால் சூளையில் சூடேற்றி, முத்திரையோடு விற்கும் கட்டுகளைப் பல இடங்களில் அனுமதிப்பார்கள். அப்படி ஒரு கட்டு எங்கள் காரில் இருந்தது. அதையும் இறக்கக்கூடாது என்றுவிட்டார். அவரிடமே வாங்க வேண்டும். கட்டு 12 டாலர், ஆறே துண்டு, ரொக்கம் மட்டும். நான்கு கட்டு வாங்கினோம். ஓக் நன்றாகக் காய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இவர் விற்றது வெட்டிச் சில வாரம்கூட ஆகாத பச்சை. மூட்டினால் உஸ் என்று சத்தம். வெட்டிய முனையில் சோப்பு நுரை மாதிரி தள்ளியது. புகை எங்கள் கண்ணில், சூடு எங்கேயும் இல்லை. அம்மா ரசப்பொடி வரைக்கும் கொண்டுவந்திருந்தாள். கடைசியில் கேஸ் அடுப்பில் நூடுல்ஸ்.

இரவு இரண்டு மணிக்கு மலை இடிந்து விழுவதுபோல ஒரு ஊளை. பள்ளத்தாக்கு நெடுக ஒரு சரக்கு ரயில் பாதை இருக்கிறது என்பதை வலைத்தளம் சொல்லவில்லை. வரைபடத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இது என் தப்பு.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். அங்கேதான் 14-ஆம் எண் கம்பத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்த அதே சைக்கமோர். அதன் கீழே ஒரு பழைய டிரெய்லர், முன்னால் ஆணியடித்துக் கட்டிய மரத் திண்ணை, திண்ணையில் பூந்தொட்டி, படிக்கட்டு. ஒரு பெரியவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். மூன்று வருடமாக அந்த இடம் அவருடையதாம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் முடிய மொத்தமாக வாடகை கட்டிவிடுகிறார். ஆற்றோரத்து எண்கள் எல்லாமே அப்படித்தான், 'சீசனல்'காரர்கள் கையில். அதாவது, நான் 30 டாலர் கட்டிப் பூட்டியிருந்தாலும் 14 எனக்குக் கிடைத்திருக்காது. யாருக்கும் கிடைக்காத இடத்தை வரைபடத்தில் பச்சையாகக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு, லாக் கட்டவில்லை என்று பின்னால் தள்ளுகிறார்கள். கம்பமும் எண்ணும் திண்ணையும் ஒன்றாகத் தெரியும்படி நான்கைந்து படம் எடுத்தேன். கோபத்தில் எடுத்ததுதான், பின்னால் உதவும் என்று நினைத்து எடுக்கவில்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பணத்தைவிடப் பெரியது. 'பிடித்த மீனை உங்கள் நெருப்பிலேயே சுட்டுச் சாப்பிடுங்கள்' என்று அவர்கள் வலைத்தளத்தில் எழுதியிருந்தது. தோழியின் கணவர் ஒரு ஸ்மால்மவுத் பாஸ் பிடித்தும்விட்டார். பெரியவர்தான் தடுத்தார். ஆற்றின் மேல்பகுதியில், வேய்ன்ஸ்பரோ ஊரில் ஒரு தொழிற்சாலை 1929 முதல் 1950 வரை பாதரசம் பயன்படுத்தியது. அது சவுத் ரிவர் என்ற துணையாற்றில் கசிந்து இந்த ஆற்றுக்கும் வந்து இன்னும் மீனில் இருக்கிறது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இந்த மீனைச் சாப்பிட வேண்டாம், மற்றவர்களும் அளவோடு என்று மாநில சுகாதாரத் துறையின் எச்சரிக்கையே இருக்கிறது. கேம்ப்கிரவுண்டில் இதைப் பற்றி ஒரு பலகைகூட இல்லை. மீனைத் திரும்ப விட்டோம்.

சனி இரவு காற்று எழும்பியது. மூன்று மணி இருக்கும். முதலில் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். மிகப் பெரிய அப்பளம். அடுத்த நொடி தொம்மென்று தரை அதிர்ந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், என் தொடை கனத்துக்கு ஒரு கிளை, பன்னிரண்டு அடி நீளம், மேசைக்குக் குறுக்கே கிடக்கிறது. உட்காரும் பலகை பிளந்துவிட்டது. ஐஸ் பெட்டி மூடி இரண்டாக உடைந்து, உள்ளே இருந்த இட்லி மாவு ஜல்லியெல்லாம் வழிந்திருந்தது. ராத்திரி பத்து மணி வரைக்கும் பிள்ளைகள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த மேசை அது. அம்மா ஒன்றும் பேசவில்லை. பேரப்பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்ததும் 14-ஆம் எண் பெரியவர் காபியோடு வந்தார். அடிமரத்தில் என் விரலை வைத்துக் காட்டினார். பட்டையில் சின்னச் சின்ன ஓட்டை. வட்டம் இல்லை, ஒரு பக்கம் தட்டையாக, படுத்த அரைவட்டம் மாதிரி, மூன்று மில்லிமீட்டர் இருக்கும். எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு வெளியேறிய வழி. ஆசியாவிலிருந்து வந்தது, 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்துக்குத் தண்ணீர் ஏறாமல் செய்துவிடும். பட்டுப்போன ஆஷ் சீக்கிரமே உளுத்து, காற்றே இல்லாமல்கூடக் கிளையை உதிர்க்கும். மேலே மரங்கொத்தி புழு தேடிப் பட்டையைச் செதுக்கிய இடம் வெளுத்துத் தெரிந்தது. "வசந்த காலத்திலேயே இந்த மரத்தைப் பற்றி அலுவலகத்தில் சொன்னேன்" என்றார்.

மேலாளர் வந்து பார்த்துவிட்டு, இது இயற்கையின் செயல், பொறுப்பேற்க முடியாது, வேண்டுமானால் அடுத்த சீசனுக்கு ஒரு வவுச்சர் தருகிறேன் என்றார். தோழி களைத்துப்போயிருந்தாள், வாங்கிக்கொண்டாள். நான் வாங்கவில்லை. அதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, அந்த இடத்துக்குத் திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் யாருக்குப் பணம் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்பது அங்கேதான் முடிவானது. அன்றே மின்னஞ்சலில் புகார் எழுதினேன், அவர்கள் மறுத்தார்கள், இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று கார்டு வங்கியில் ஆட்சேபம் (டிஸ்பியூட்) போட்டேன். தவறான கட்டணம் வந்த முதல் பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் போட்டால் சட்டப் பாதுகாப்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். முதல் தடவை வங்கி நிராகரித்தது. கேம்ப்கிரவுண்ட் அந்த லாக் விதிமுறையைக் காட்டியது. நான் எண்ணைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, 'ஆற்றோர இடம்' என்று விற்றார்கள், விற்ற இடம் விற்பனைக்கே இல்லாதது என்று எழுதி, திண்ணையும் பூந்தொட்டியும் கம்பமும் இருக்கும் படங்களை அவர்கள் வலைத்தளப் படத்தோடு சேர்த்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து 156 டாலர் திரும்பி வந்தது. பதிவுக் கட்டணமும் அம்மாவுக்குக் கட்டிய 20 டாலரும் வரவில்லை. விறகுக் காசு ரொக்கம், போனது போனதுதான். தோழியும் அதற்கப்புறம் போட்டுப் பார்த்தாள்; வவுச்சர் வாங்கியதால் ஈடு கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் பதிவதற்கு முன் போன் செய்து, இந்த எண் சீசனல் வாடகையில் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். சாட்டிலைட் படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், டிரெய்லர் கூரைகள் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். போய் இறங்கியதும் டென்ட்டைப் பிரிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். எதிரெதிராகக் கிளை விட்டு, பட்டையில் சாய்சதுரக் கட்டம் கட்டமாக வெடிப்பு இருந்தால் அது பெரும்பாலும் ஆஷ். அதன் உச்சி பட்டுப்போயிருந்தால் வேறு இடம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

போன வாரம் அந்த வலைத்தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே சைக்கமோர், அதே மேசை. வருகிற அக்டோபர் இரண்டாவது வார இறுதிக்கு 14 பச்சையில் இருக்கிறது. லாக் கட்டணம் இப்போது 35 டாலர்.